நரம்பு நஞ்சால் வரும் வலிப்பு: எந்த மருந்து, எவ்வளவு சீக்கிரம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உலகத்தில் எங்காவது ரசாயனத் தாக்குதல் என்று செய்தி வந்தால் போதும், அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கத்து நண்பர்கள் கேள்வி மேல் கேள்வியாக அனுப்புவார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் உறவுக்காரர் யாராவது தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துவிட்டு மயங்கி விழுந்தாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. மருத்துவத்தில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்று என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். மருந்தின் அளவுகளையும் சொல்லியிருக்கிறேன். ஐசியூவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று புரிவதற்காகத்தான் அது. வீட்டில் யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது.

நரம்பு நஞ்சு என்றால் என்ன?

சாரின், டாபுன், சோமன், விஎக்ஸ், நோவிசோக் போன்ற ரசாயனங்கள். நரம்பு வாயு என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் இவற்றில் பல சாதாரண வெப்பநிலையில் திரவங்கள். 1936-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் புதுப் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தபோதுதான் டாபுனைக் கண்டுபிடித்தார். சாரின் 1938-இல் வந்தது. வயலுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளும் போரில் வீசும் நஞ்சும் ஒரே குடும்பம். வீரியத்தில்தான் பெரிய வித்தியாசம்.

உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? வலிப்பு எதற்காக வருகிறது?

நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி உண்டு. நஞ்சு அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் தேங்கத் தேங்க, கண்ணில் நீர், வாயில் எச்சில், மூச்சுக்குழாயில் சளி எல்லாம் வழிந்து ஓடும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். தோலுக்கு அடியில் தசைகள் புழு நெளிவதுபோல் துடிக்கும், அப்புறம் தளர்ந்து செயலிழக்கும். மூளையில் இதே தேக்கம் நரம்பணுக்களை ஓயாமல் தூண்டிவிடுகிறது. அதுதான் வலிப்பு.

இந்த வலிப்பு பெரும்பாலும் தானாக நிற்பதில்லை. விடாமல் தொடரும். அதனால்தான் மருந்தைவிடக் கடிகாரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

சாதாரண ஃபிட்ஸுக்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பீர்கள்?

கண்மணியைப் பார்ப்போம், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்போம், வியர்வையைப் பார்ப்போம். கால்-கை வலிப்பு நோயாளிக்கு வலிப்பு வரும்போது கண்மணி பொதுவாக விரிந்திருக்கும். இங்கே நன்றாகச் சுருங்கியிருக்கும். நெஞ்சில் கரகரவென்று நீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்கும். சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். பூச்சிமருந்து என்றால் பல நேரம் வாசனையே சொல்லிவிடும். ஒரே இடத்திலிருந்து பலர் இப்படி வந்தால் சந்தேகமே வேண்டாம், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் (நஞ்சு முடக்கும் அந்த நொதி வகை) அளவு பார்ப்பது பின்னால் உறுதிப்படுத்த உதவும், அவ்வளவுதான்.

என்னென்ன மருந்துகள் கொடுப்பார்கள்?

மூன்று. அட்ரோபின், பிரலிடாக்சிம், அப்புறம் டயசெபாம், லோராசெபாம், மிடாசோலாம் போன்ற பென்சோடயசெபைன் வகையில் ஒன்று. சுரப்புகளை வற்றவைத்து மூச்சையும் இதயத்தையும் காப்பாற்றுவது அட்ரோபின். முடங்கிய நொதியை மீட்கப் பார்ப்பது பிரலிடாக்சிம், நாங்கள் 'பாம்' என்றே சொல்வோம். வலிப்பை அடக்குவது பென்சோடயசெபைன். இவற்றோடு ஆக்சிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர்.

இதில் எதுவுமே அபூர்வ மருந்து இல்லை என்பதைக் கவனியுங்கள். அட்ரோபினும் மிடாசோலாமும் நல்ல கேஷுவல்டி ஒவ்வொன்றின் ட்ராலியிலும் இருக்கும். எனக்கு இது பெரிய தைரியம் தரும் விஷயம்.

அட்ரோபின் போட்டாலே வலிப்பு நிற்காதா?

ஆரம்பத்து சில நிமிடங்களில் ஓரளவு உதவலாம், ஏனென்றால் அப்போது வலிப்பை நடத்துவது அசிட்டைல்கோலின்தான். அதற்குப் பிறகு அட்ரோபினை மட்டும் நம்பக் கூடாது. அது உயிரைக் காக்கும் மருந்து, மூளையைக் காக்க இன்னொன்று வேண்டும்.

ஆனாலும் அட்ரோபினில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. நம் ஊரில் ஒரு ஆம்பூலில் 0.6 மில்லிகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு எடுத்த எடுப்பில் 1.8 முதல் 3 மில்லிகிராம் வரை, அதாவது மூன்றிலிருந்து ஐந்து ஆம்பூல் போடுவார்கள். ஐந்து நிமிடம் கழித்து நெஞ்சைக் கேட்டுப் பார்த்து, சளி வற்றவில்லை என்றால் அளவை இரட்டிப்பாக்குவார்கள். மறுபடி ஐந்து நிமிடம், மறுபடி இரட்டிப்பு. கடுமையான நோயாளி என்றால் ஒரு நர்ஸ் ஆம்பூல்களை வரிசையாக உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டே இருப்பார். உடைந்த கண்ணாடி ட்ரேயில் குவிந்துகொண்டே போகும். நெஞ்சு தெளிந்து, நாடித்துடிப்பு 80-ஐத் தாண்டி, ரத்த அழுத்தமும் நின்றால்தான் நிறுத்திவிட்டு டிரிப்ஸுக்கு மாறுவார்கள். கண்மணி விரிந்ததா என்று பார்த்து அளவை முடிவு செய்வது சரியல்ல, அது மெதுவாகத்தான் மாறும்.

அதிகமாகிவிட்டாலும் தெரியும்: காய்ச்சல், பிதற்றல், வயிற்றில் குடல் சத்தமே இல்லாமல் போவது. அப்போது சற்று நிறுத்திக் குறைப்பார்கள். நோயாளி கட்டிலில் எழுந்து எதையோ பிடிக்க முயன்று உளறினால் மறுபடி வலிப்பு என்று உறவினர்கள் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அட்ரோபின் செய்யும் வேலை.

டயசெபாம், லோராசெபாம், மிடாசோலாம். இதில் எது நல்லது?

ரத்தநாளத்தில் ஏற்கனவே ஊசி போட்டு வழி ஏற்படுத்தியிருந்தால் மூன்றும் நல்லவைதான். டயசெபாம் 10 மில்லிகிராம் அல்லது லோராசெபாம் 4 மில்லிகிராம் நேராக நாளத்தில் போகும்.

சிக்கல் வழி கிடைக்காதபோதுதான். வலிப்பில் துள்ளும் கையில், வியர்வையில் வழுக்கும் தோலில், நாளம் தேடுவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். பாதுகாப்பு உடையும் தடித்த கையுறையும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் தொடைத் தசையில் போட வேண்டியது மிடாசோலாம். தசையில் போட்ட டயசெபாம் மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் ரத்தத்தில் சேரும். மிடாசோலாம் புட்டிக்குள் நீரில் கரைந்த நிலையில் இருக்கும், உடம்பின் அமிலநிலைக்கு வந்ததும் கொழுப்பில் கரையும் வடிவத்துக்கு மாறி மூளைக்குள் வேகமாகப் போய்விடும். லோராசெபாமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதும் ஆம்புலன்ஸுக்கு ஒரு தொல்லை.

இதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த 'ராம்பார்ட்' என்ற ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. ஆம்புலன்ஸில் வந்த, வலிப்பு நிற்காத நோயாளிகளில் ஒரு பிரிவுக்குத் தசையில் மிடாசோலாம், இன்னொரு பிரிவுக்கு நாளத்தில் லோராசெபாம். மருத்துவமனை வந்து சேர்வதற்குள் முதல் பிரிவில் சுமார் 73 சதவீதம் பேருக்கும் இரண்டாவதில் சுமார் 63 சதவீதம் பேருக்கும் வலிப்பு நின்றிருந்தது. அவர்கள் நஞ்சு தாக்கியவர்கள் அல்ல, சாதாரண வலிப்பு நோயாளிகள்தான். ஆனாலும் வழி கிடைக்காத இடத்தில் எது வேகம் என்ற கேள்விக்கு அது போதுமான பதில். அதில் 40 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்களுக்கு 10 மில்லிகிராம், 13 முதல் 40 கிலோ வரை 5 மில்லிகிராம். அமெரிக்க ராணுவம் பல ஆண்டுகள் டயசெபாம் நிரப்பிய தானியங்கி ஊசியை, அதாவது உடம்பில் அழுத்தினாலே மருந்து தானாக இறங்கும் ஊசியை, வைத்திருந்தது. பிறகு மிடாசோலாம் ஊசிக்கு 2018-இல் அங்கே அனுமதி கிடைத்தது.

சீக்கிரம், சீக்கிரம் என்கிறீர்களே, அரை மணி நேரத்தில் என்ன மாறிவிடும்?

நிறைய மாறும். விலங்குகளில் நடந்த ஆய்வுகள் இந்த வலிப்பை மூன்று கட்டமாகப் பிரிக்கின்றன. முதல் ஐந்து நிமிடம் அசிட்டைல்கோலின் மட்டும் ஆடும் கட்டம். அதிலிருந்து சுமார் 40 நிமிடம் வரை மற்ற வேதிப்பொருள்களும் சேர்ந்துகொள்ளும் கலப்புக் கட்டம். அதற்குமேல் குளூட்டமேட் என்ற தூண்டும் பொருள் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அப்போது அசிட்டைல்கோலினை எவ்வளவு அடக்கினாலும் வலிப்பு தன் போக்கில் ஓடும், நரம்பணுக்கள் சாக ஆரம்பிக்கும். நினைவாற்றலுக்குத் தேவையான ஹிப்போகேம்பஸ் முதலில் அடிபடும் பகுதிகளில் ஒன்று.

இன்னொன்றும் நடக்கிறது. பென்சோடயசெபைன் மருந்துகள் வேலை செய்வது நரம்பணுவின் மேற்பரப்பில் இருக்கும், காபா என்ற அமைதிப்படுத்தும் பொருளின் ஏற்பிகள் வழியாக. வலிப்பு நீள நீள நரம்பணு அந்த ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பூட்டையே கழற்றிவிட்ட கதவுக்கு எத்தனை சாவி கொண்டுவந்து என்ன பயன்? ஐந்தாவது நிமிடத்தில் 10 மில்லிகிராம் செய்யும் வேலையை ஐம்பதாவது நிமிடத்தில் பல மடங்கு போட்டாலும் செய்யாமல் போகலாம்.

சில்க் போர்டு, ஹெப்பால் போக்குவரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும்போது இதைத்தான் நினைத்துக்கொள்வேன். எந்த மருத்துவமனை பெரியது என்று தேடிக்கொண்டு ஊரைச் சுற்றுவதைவிட, பக்கத்தில் இருக்கும் இடத்தில் முதல் ஊசியைப் போட்டுவிட்டு அப்புறம் மாற்றுவதே மேல். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

என் மகன் வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுகிறான். அது அவனைக் காக்குமா?

காக்காது. நரம்பு நஞ்சால் வரும் வலிப்பில் ஃபெனிடோயின் பலன் தரவில்லை என்பதை விலங்கு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கார்பமாசெபினும் அப்படியே. சாதாரண வலிப்புக்கு பென்சோடயசெபைன் கேட்காவிட்டால் ஃபெனிடோயின் என்பது கைப்பழக்கமாகிவிட்டதால், பலர் இங்கேயும் அதையே ஏற்றுவார்கள். அந்த இருபது நிமிடம் வீண். அதற்காக மகனுடைய மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அவனுடைய நோய்க்கு அது தேவை.

பென்சோடயசெபைனுக்கும் அடங்கவில்லை என்றால்?

மறுபடி ஒரு தடவை பென்சோடயசெபைன். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபீனோபார்பிட்டால், புரோபோஃபால் போன்றவை. மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு, வென்டிலேட்டரில் வைத்து, ஆழ்ந்த மயக்கத்தில் கொண்டுபோவார்கள். குளூட்டமேட்டின் பாதையை அடைக்கும் கீட்டமின்மேல் இப்போது நிறைய நம்பிக்கை இருக்கிறது. பிந்திய கட்டத்தை நேராகத் தொடும் மருந்து என்பதால் எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. மிடாசோலாமோடு சேர்த்துக் கொடுத்தபோது விலங்குகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது.

ட்யூப் போடும்போது ஒரு எச்சரிக்கை. தசையைத் தளர்த்த வழக்கமாகப் போடும் சக்சினைல்கோலினைச் சிதைக்கும் நொதியும் இந்த நஞ்சில் முடங்கிக் கிடக்கிறது. அதனால் அதன் வேலை மணிக்கணக்கில் நீளலாம். ரோகுரோனியம் நல்லது.

கை கால் துடிப்பது நின்றுவிட்டது. வலிப்பும் நின்றுவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. தசை செயலிழந்ததால்கூட உடம்பு அசையாமல் கிடக்கலாம், மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். தளர்த்தும் மருந்து போட்டிருந்தாலும் இதே கதைதான். மூளை அலைகளை அளக்கும் ஈஈஜி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் நோயாளி வென்டிலேட்டரில் இருந்து, விழிப்பு வரவே இல்லை என்றால், "டாக்டர், ஈஈஜி எடுத்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனம் இருப்பதால் நரம்பியல் ஆலோசனை கிடைப்பது மற்ற ஊர்களைவிட எளிது.

'பாம்' ஊசி கட்டாயமா? சிலர் வேண்டாம் என்கிறார்களே?

நஞ்சு நொதியோடு ஒட்டி நேரம் ஆக ஆக, பிரிக்க முடியாதபடி இறுகிவிடும். சோமனில் இது சில நிமிடங்களில் நடந்துவிடுகிறது, சாரினில் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. இறுகுவதற்கு முன் போட்டால்தான் பிரலிடாக்சிம் வேலை செய்யும். அது மூளைக்குள் அதிகம் போகாது என்பதால் வலிப்புக்கு நேரடி மருந்தும் அல்ல. போர் நஞ்சுக்கு அதைத் தவிர்க்கச் சொல்வது வழக்கமில்லை.

பூச்சிமருந்தில்தான் சர்ச்சை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு, அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தால் நன்மை என்றது. வேலூர் சிஎம்சியில் நடந்த ஆய்வுகளிலும், 2009-இல் வெளியான இலங்கை ஆய்விலும் நன்மை தெரியவில்லை. அதனால் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறும். பாம் போடவில்லை என்பதற்காக மருத்துவரோடு சண்டை போட வேண்டாம். அட்ரோபின் போதுமான அளவு போகிறதா என்று கேளுங்கள்.

முன்கூட்டியே சாப்பிட்டு வைக்க மாத்திரை உண்டாமே?

பிரிடோஸ்டிக்மின். சோமன் பயம் இருந்ததால் 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையினருக்கு 30 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று கொடுத்தார்கள். மனிதரிடம் நஞ்சைக் கொடுத்துச் சோதிக்க முடியாதல்லவா, அதனால் விலங்கு ஆய்வுகளை ஆதாரமாக ஏற்கும் விதியின்கீழ் 2003-இல் அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இது. மூளைக்குள் போகாது, வலிப்பைத் தடுக்காது, பின்னால் அட்ரோபினும் பாமும் போட்டால்தான் பலன். பொதுமக்களுக்கு இது வேண்டாம்.

டோக்கியோ ரயிலில் நடந்ததிலிருந்து மருத்துவமனைகள் என்ன கற்றுக்கொண்டன?

1995 மார்ச் 20 காலையில் ஓம் ஷின்ரிக்கியோ கும்பல் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரினைப் பரப்பியது. செயிண்ட் லூக் மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தார்கள். வேறு ரசாயனம் என்றுதான் முதலில் தகவல் வந்தது. சுருங்கிய கண்மணிகளும் குறைந்த கோலினெஸ்டெரேஸும்தான் உண்மையைக் காட்டிக்கொடுத்தன. நோயாளிகளின் உடையை மாற்றாமல் உள்ளே எடுத்ததால், துணியிலிருந்து வந்த ஆவி மருத்துவர், நர்ஸ்களையும் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு அறிகுறி தெரிந்தது. வாசலிலேயே உடையைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி உள்ளே அனுப்ப வேண்டும் என்று இன்று வலியுறுத்துவதற்கு அந்த நாள் பெரிய காரணம். ஆனால் வலிப்பில் இருப்பவருக்குக் கழுவி முடிக்கும்வரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, தொடையில் மிடாசோலாமைப் போட்டுக்கொண்டே கழுவலாம்.

போபாலில் கசிந்ததும் நரம்பு வாயுவா?

இல்லை. 1984 டிசம்பரில் அங்கே கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். அது கண்ணையும் நுரையீரலையும் எரித்தது. வழி வேறு, சிகிச்சையும் வேறு.

நம் வாழ்க்கையில் சாரின் எங்கே வரப்போகிறது? இதையெல்லாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

சாரின் வராமல் இருக்கட்டும். அதன் தம்பி நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறான். 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2013 ஜூலையில் பீகாரின் ஒரு பள்ளியில் மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். இரண்டிலும் காரணம் ஆர்கனோபாஸ்பேட். ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களிலிருந்தும் கோலார்த் தக்காளி வயல்களிலிருந்தும் பெங்களூருக்கு மாற்றி அனுப்பப்படும் நோயாளிகள் உண்டு. முகக்கவசம் இல்லாமல், வெறுங்காலோடு, காற்றுக்கு எதிரே நின்று மருந்து அடித்தவர்கள். பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்ததைக் குடித்துவிட்ட பிள்ளைகள். அந்தப் பாட்டிலை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

மனவேதனையில் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அந்த வீட்டில் பூச்சிமருந்தே இருக்க வேண்டாம்.

கண்ணெதிரே ஒருவர் இப்படி விழுந்தால் நாங்கள் என்ன செய்வது?

முதலில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். கையுறை, இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். நனைந்த உடையைத் தலைவழியாக உருவாமல் கத்தரித்து எடுங்கள், நிறையத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். 108-ஐ அழையுங்கள். எய்ம்ஸ் டெல்லியின் நஞ்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற இலவச எண்ணில் கிடைக்கும். மருந்துப் பாட்டிலையோ அதன் லேபிளையோ ஒரு பையில் கட்டி எடுத்து வாருங்கள், சிகிச்சைக்கு அது பெரிய உதவி.

சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, பால் ஊற்றுவது, வாயில் ஸ்பூன் வைப்பது எதுவும் வேண்டாம். வலிப்பில் இருப்பவர் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குத்தான் போகும்.

குழந்தைக்காக வாங்கி வைத்த மிடாசோலாம் மூக்கு ஸ்பிரே இருக்கிறது. அடிக்கலாமா?

அது அந்தக் குழந்தையின் எடைக்கு, அதன் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. மூக்கெல்லாம் சளி வழியும் நிலையில் அது சரியாக உள்ளே சேராது. மூச்சு ஏற்கனவே திணறும் ஒருவருக்கு உதவிக்கு ஆளில்லாமல் கொடுப்பதும் ஆபத்து. 108-இல் பேசும்போது ஸ்பிரே இருப்பதைச் சொல்லுங்கள், அவர்கள் சொன்னபடி செய்யுங்கள்.

தானியங்கி ஊசியை வாங்கி வீட்டில் வைக்கலாமா?

தேவையில்லை. அட்ரோபினும் பாமும் கொண்ட ஊசிகளை நம் டிஆர்டிஓ படைவீரர்களுக்காக உருவாக்கியிருக்கிறது. நஞ்சு தாக்காத ஒருவர் பயத்தில் அட்ரோபின் போட்டுக்கொண்டால் அதுவே கேஷுவல்டிக்குக் கொண்டுவந்துவிடும்.

குழந்தைகளுக்குச் சிகிச்சை மாறுமா?

மருந்து அதே, அளவு எடைக்கு ஏற்ப. குழந்தைகளிடம் எச்சில், வியர்வை அவ்வளவு தெரியாமல், வலிப்போ மயக்கமோ முதல் அறிகுறியாக வரலாம். அதனால் காரணம் தெரியாத வலிப்போடு வரும் பிள்ளையிடம் பூச்சிமருந்து பற்றிக் கேட்காமல் விடக் கூடாது.

வலிப்பு நின்று கண் விழித்துவிட்டார். எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்?

பூச்சிமருந்து என்றால் அவசரப்படாதீர்கள். தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் திடீரென்று தளரலாம். 1987-இல் இலங்கை மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். அதனால்தான் ரவுண்ட்ஸில் "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க பார்ப்போம்" என்று தினமும் சொல்லச் சொல்கிறோம். தூக்க முடியவில்லை என்றால் மறுபடி ஐசியூ. பில் ஏறுகிறதே என்று மூன்றாம் நாளே கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. பணம்தான் பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லுங்கள், வீட்டுக்கு வேண்டாம்.

வலிப்பு நீண்ட நேரம் ஓடியிருந்தால் மறதி, எரிச்சல், தூக்கமின்மை பின்னால் தொடரலாம், சிலருக்கு வலிப்பு திரும்பவும் வரலாம். சில வாரம் கழித்து நரம்பியல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். எவ்வளவு நேரம் வலிப்பு இருந்தது, முதல் ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.